ஏலக் கணக்கு எழுதிய பிள்ளைகள்: ஒரு சபைத் தொடக்கப்பள்ளி அனுபவம்

திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்துக் கிராமங்களில் கிறிஸ்தவ சபையின் கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே வளாகத்தில் இருப்பது சாதாரணம். பல ஊர்களில் முதலில் எழுந்தது பள்ளிக்கூடம்தான். வார நாளில் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை அதே கூரைக்குக் கீழே ஆராதனை. தனிக் கோயில் கட்டியது பிற்பாடு. அப்படிப்பட்ட அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஆசிரியையாகவும், கடைசிச் சில வருடங்கள் தலைமை ஆசிரியையாகவும் இருந்தேன். ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்புகள், இரண்டே ஆசிரியர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். ஆகவே ஒரே அறையில் மூன்று வகுப்பு உட்கார்ந்திருக்க, ஒன்றுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்துக்கொண்டே இன்னொன்றுக்கு வகுத்தல் கணக்குத் திருத்துவது எங்களுக்கு அன்றாட வேலை.

இந்தப் பள்ளிகளைப் பற்றி ஒரு குறை எப்போதும் உண்டு. விளைச்சலைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகை, கிறிஸ்துமஸ் நாடகம், பாட்டுப் பயிற்சி என்று நாள் போனால் பாடம் எப்போது நடக்கும் என்பார்கள். ஆய்வுக்கு வந்தவர்களும் கேட்டிருக்கிறார்கள், பெற்றோரும் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். கெட்டிக்காரப் பிள்ளைகள் நான்கு பேரை மட்டும் மேடையேற்றிவிட்டு மற்றவர்களைக் கைதட்ட உட்காரவைத்தால், அந்த நாட்கள் வீண்தான். ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேலை இருந்து, அந்த வேலைக்கு எழுத்தோ எண்ணோ தேவைப்பட்டு, அதற்காக ஊர் காத்திருந்தால், பாடம் அங்கேதான் நன்றாக நடக்கிறது. என் வேலைக்காலம் முழுக்க நான் பார்த்தது இது.

காலை வழிபாட்டுக் கூட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். தமிழ்த்தாய் வாழ்த்து, ஜெபம், குறள், செய்தி வாசிப்பு, உறுதிமொழி, நாட்டுப்பண். எல்லாப் பள்ளியிலும் உள்ளதுதான். எல்லாப் பள்ளியிலும் உள்ள இன்னொன்று, ஐந்தாம் வகுப்பில் குரல் கணீரென்று இருக்கிற இரண்டு பிள்ளைகளே வருடம் முழுக்க அதை நடத்துவது. நாங்கள் வகுப்புவாரியாகப் பிரிக்காமல், ஒன்று முதல் ஐந்து வரை கலந்து குழுக்கள் அமைத்தோம். வாரத்துக்கு ஒரு குழு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கிழமையும் தேதியும் சொல்லும். இரண்டாம் வகுப்பு அன்றைக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்லும். நான்காம் வகுப்பு கரும்பலகையில் செய்தி எழுதும். சின்னவனுக்குத் தேதி சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு பெரியவனுடையது. முதல் நாள் மாலையே கட்டடத்துக்குப் பின்னால் நின்று ஒத்திகை பார்ப்பார்கள், யாரும் சொல்லாமலே.

செய்தி என்றால் நாளிதழில் வருவதுதான் என்று வைத்துக்கொள்ளவில்லை. செய்தித்தாள் வாசிக்கத் திணறும் பையன் ஒருவன் ஒருநாள், "எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு. ஒண்ணு கருப்பு, ஒண்ணு வெள்ளை" என்று பேச்சு வழக்கிலேயே எழுதிவிட்டு நின்றான். அதை அப்படியே வாசிக்கச் சொன்னோம். அடுத்த வாரமே மற்றவர்களும் ஊர்ச் செய்தி எழுத ஆரம்பித்துவிட்டார்கள். யார் வீட்டில் கிணறு தூர்வாருகிறார்கள், எந்த அக்காவுக்குக் கல்யாணம், மினி பஸ் ஏன் வரவில்லை. எழுத்துத் தமிழுக்கு மாற்றுவது அப்புறம் மெதுவாக வந்தது. சொல்ல ஒரு விஷயம் கையில் இருந்தால் எழுதத் தயங்க மாட்டான், எழுத்துப்பிழையை அதற்குப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

ஜெபம் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் பள்ளியில் பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகள், இரண்டு மூன்று முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகளும் படித்தார்கள். அரசு உதவிபெறும் நிறுவனத்தில் சமய வழிபாட்டிலோ சமயப் போதனையிலோ பிள்ளைகள் கலந்துகொள்ளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு சொல்கிறது. அதைச் சட்டத்துக்குப் பயந்து செய்கிற காரியமாக நான் நினைத்ததே இல்லை. சேர்க்கையின்போது பெற்றோரிடம் நேரிலேயே கேட்டுவிடுவோம். பெரும்பாலும் "எல்லாம் சாமிதான டீச்சர்" என்பார்கள். வேண்டாம் என்றால், வேதபாட நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு உருப்படியான வேறு வேலை இருக்க வேண்டும். வெளியே சும்மா நிறுத்திவைத்தால் அது தண்டனை ஆகிவிடும். அந்த நேரத்துக்குக் கதைப் புத்தக அலமாரியை அவர்கள் பொறுப்பில் விட்டோம். யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள், திரும்பி வந்ததா என்று பதிவேட்டில் எழுதுவார்கள். கொஞ்ச நாளில் அந்த வேலைக்கு எல்லாப் பிள்ளைகளும் போட்டிபோட ஆரம்பித்ததால் அதையும் சுழற்சியில் விட வேண்டியதாயிற்று.

சபைப் பள்ளிகளில் மனப்பாடத்துக்குப் பஞ்சமே இல்லை. வேதாகமத்தின் 23ஆம் சங்கீதத்தை இரண்டாம் வகுப்பிலேயே மூச்சுவிடாமல் சொல்வார்கள். வேதாகமத்தைத் திறந்து விரலை ஓட்டிக்கொண்டே சொன்னால், பிள்ளை வாசிக்கிறது என்று பெற்றோர் பூரித்துப்போவார்கள். ஆனால் விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரிக்குப் போயிருக்கும். அது வாசிப்பு அல்ல. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பக்கத்தின் நடுவில் ஏதாவது ஒரு சொல்லை மட்டும் விட்டு மற்றதைத் தாளால் மறைத்து, இது என்ன என்று கேட்க வேண்டும். தெரியவில்லை என்றால் திட்ட வேண்டியதில்லை, அங்கிருந்தே கற்றுக்கொடுக்கத் தொடங்கலாம். மனப்பாடமாகத் தெரிந்த பகுதியை வரிவரியாக வெட்டிக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்வோம், பிறகு சொல் சொல்லாக வெட்டிக் கொடுப்போம். ஒலி ஏற்கெனவே மனசில் இருப்பதால் எழுத்து சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். குறளுக்கும் ஆத்திசூடிக்கும் இதே முறைதான். மனப்பாடத்தைப் பழிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதை வாசிப்புக்கு வாசலாக்கத் தெரிந்தால் அதைவிட நல்ல கருவி கிடையாது.

2022இல் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்துக் கற்பிக்கச் சொன்னார்கள். கொரோனாவில் இரண்டு வருடம் பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்கு அது தேவையாகத்தான் இருந்தது. பல வகுப்பை ஒன்றாக வைத்தே பழகிய எங்களுக்கு அது புதிதாகவும் தெரியவில்லை.

ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து தொடங்குவது மணலில்தான். எங்கள் பக்கத்துத் தேரி மணல் செக்கச்செவேலென்று மாவு மாதிரி இருக்கும். விரலால் இழுத்தால் கோடு அழகாக நிற்கும். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, உள்ளூர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் படித்தார். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "வெள்ளைக்கார தாத்தா ழ எழுத எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார், பாரு" என்றால் பிள்ளைகளுக்கு ஒரே தெம்பு. பென்சில் பிடிக்க விரல் பழகாத பிள்ளைக்கு மணல் நல்லது. அழித்தால் தடமே தெரியாது என்பதால் தப்பாக எழுதப் பயமும் இருக்காது.

பாட்டைப் பற்றி ஒரு விஷயம் எல்லா ஆசிரியர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். ஞாயிறு பள்ளியிலிருந்து வந்த, செய்கையோடு பாடும் பாட்டுகள் எங்களிடம் நிறைய உண்டு. கையை உயர்த்து, தட்டு, குதி, சுற்று. இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். சேட்டை கிடையாது, கேள்வி கேட்டால் சிரிப்பான், பதில் வராது. மந்தம் என்று வீட்டிலேயே முடிவுகட்டிவிட்டார்கள். ஒருநாள் பிள்ளைகள் பாடும்போது நான் பாடாமல் ஓரமாக நின்று பார்த்தேன். எல்லாரும் கை உயர்த்தி ஒரு நொடி கழித்துத்தான் அவன் கை உயர்கிறது. கண் எப்போதும் பக்கத்துப் பையன் மேல். பாட்டின் வரிசையை மாற்றிப் பாடச் சொன்னேன். அப்போதும் அதே ஒரு நொடி. எல்லாரையும் கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொன்னபோது அவன் மட்டும் அசையாமல் நின்றான். அவனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை!

பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொல்லி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செவித்திறன் சோதனை செய்து, காது கேட்கும் கருவி வாங்கும்வரை அவன் பாட்டியோடு சேர்ந்து அலைந்தோம். பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய செவித்திறன் குறைந்தோர் பள்ளி இருப்பதால், எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் குறை புதிதல்ல. ஆனாலும் பேரனை விடுதிக்கு அனுப்ப வேண்டியிருக்குமோ என்று பாட்டிக்குப் பயம். அவனுக்குக் குறை ஓரளவுதான் என்பதால் கருவியோடு எங்களிடமே படித்தான். நாங்கள் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தவை சின்னச் சின்ன விஷயங்கள். அவனை முன்வரிசையில், வெளிச்சம் எங்கள் முகத்தில் விழுகிற பக்கம் உட்காரவைக்க வேண்டும். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசக் கூடாது. பேச்சைத் தொடங்கும்முன் அவன் பார்க்கிறானா என்று கவனிக்க வேண்டும். இவை எல்லாப் பிள்ளைகளுக்குமே நல்லது என்பது பிறகு தெரிந்தது. வருடத் தொடக்கத்தில் ஒரு தடவையாவது, பிள்ளைகள் பாடும்போது ஆசிரியர் பாடாமல் நின்று கவனித்துப் பார்க்கட்டும்.

சரி, ஏலத்துக்கு வருகிறேன். அறுப்பின் பண்டிகைக்கு ஊரே காணிக்கை கொண்டுவரும். வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, கருப்பட்டி, தேங்காய், கோழி, சிலசமயம் ஆட்டுக்குட்டி. ஆராதனை முடிந்ததும் ஏலம். சபைப் போதகரான சேகரத்து ஐயரிடமும் கோயில் கமிட்டி ஆட்களிடமும் நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. கோயில் கணக்கு கோயில் கணக்காக இருக்கட்டும், பக்கத்தில் ஒரு பெஞ்சு போட்டு எங்கள் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் தனி நோட்டில் கணக்கு எழுதட்டும், கடைசியில் இரண்டையும் ஒப்பிடுவோம் என்றோம். முதலில் யோசித்தார்கள், பிறகு சம்மதித்தார்கள்.

முன்னேற்பாடாக இரண்டு வாரம் வகுப்பில் பொய் ஏலம். பொருள், எடை, கேட்ட விலை, எடுத்தவர் பெயர், தொகை, பணம் தந்தாரா பாக்கியா என்று ஆறு கட்டம் போட்ட நோட்டு. பண்டிகை அன்று கருப்பட்டி மூன்றேகால் கிலோ, கிலோ 320 ரூபாய்க்குப் போனது. கமிட்டிக்காரர் செல்போனைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "மூணு கிலோ 960, கால் கிலோ 80, 1040 ரூபா தாத்தா" என்றாள். வகுப்பில் 3.25ஐ 320ஆல் பெருக்கச் சொன்னால் புள்ளியை எங்கே வைப்பது என்று முழிக்கிற பிள்ளை. கால், அரை, முக்கால் என்பது கருப்பட்டி காய்ச்சுகிற விடிலியில் அவள் சின்ன வயதிலிருந்து கேட்ட கணக்கு. அதற்குப் பிறகு தசம எண் பாடத்தை நான் எப்போதும் காலிலும் அரையிலும்தான் தொடங்கினேன். 0.25 என்று எழுதுவதைக் கடைசியில் காட்டினால் போதும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில்லறை எண்ணும் வேலை, இரண்டாம் வகுப்புக்குப் பொருளுக்கு எண் ஒட்டும் வேலை. சாயங்காலம் இரண்டு நோட்டையும் ஒப்பிட்டபோது தொகை ஒத்துப்போகவில்லை. பிள்ளைகள் விடவில்லை. வரிவரியாகப் பார்த்து, ஒரு வாழைத்தார் கோயில் நோட்டில் விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருடம் கமிட்டியே பெஞ்சு போட்டுவிட்டு எங்களைக் கூப்பிட்டது.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. யார் எவ்வளவு காணிக்கை கொடுத்தார்கள் என்பது பிள்ளைகள் நோட்டில் வரவே கூடாது. ஏலத்தில் எடுத்தவர் பெயர் மட்டும் போதும். இல்லாத வீட்டுப் பிள்ளை கூனிக்குறுகிவிடும்.

கிறிஸ்துமஸ் நாடகத்தில் எனக்கு மனவருத்தம் தந்தது தேவதூதன் வேடம். பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன், தேவதூதனும் மரியாளும் என்றால் சிவப்பாக இருக்கிற பிள்ளை, மேய்ப்பன் என்றால் கறுப்பாக இருக்கிற பிள்ளை. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஆனால் வருடா வருடம் அப்படியே நடக்கும். பிள்ளைகள் அதைக் கவனிக்காமல் இல்லை. நாங்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். முதல் வருடம் சில பெற்றோர் முகம் சுளித்தார்கள். சீட்டை அவர்கள் முன்னிலையிலேயே பிள்ளைகளை எடுக்கவைத்ததும் பேச்சு அடங்கியது. வசனம் எல்லாருக்கும் உண்டு. திக்கிப் பேசும் பிள்ளைக்கு மேய்ப்பர் கூட்டத்தோடு சேர்ந்து சொல்லும் வசனம். சேர்ந்து சொல்லும்போதும் பாடும்போதும் திக்கல் குறைவாக இருப்பதைக் கவனித்துப் பார்க்கலாம். வேட்டியும் துண்டும் வீட்டில் இருப்பதே போதும், துணி வாங்கச் சொல்லி யாரையும் செலவுக்கு இழுக்கக் கூடாது. அழைப்பிதழ் அச்சடிப்பதையும் நிறுத்திவிட்டோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக்குத் தானே கடிதம் எழுதும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு அந்தப் பிள்ளையே வாசித்துக் காட்டும். அந்தக் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்து வருடங்கள் கழித்துக் காட்டிய அம்மாக்கள் உண்டு.

சாதியைச் சொல்லாமல் விட முடியாது. கிறிஸ்தவ ஊர்களிலும் அது இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அது நுழையும் இடங்கள் மூன்று: சாப்பாட்டுப் பந்தி, தண்ணீர்ப் பானை, துப்புரவு வேலை. பந்தியில் உட்காரும் இடத்தையும் குழுவாரியாக வைத்தோம். தண்ணீர் எடுத்துவைப்பது, பெருக்குவது எல்லாம் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி, ஆசிரியர் பிள்ளையே படித்தாலும் வரிசை வரிசைதான். நானும் என் உடன் ஆசிரியரும் பிள்ளைகளோடு அதே பந்தியில் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டோம். கழிப்பறை கழுவும் வேலைக்கு எந்தப் பிள்ளையையும் விடக் கூடாது. அதில் பேச்சுக்கே இடமில்லை.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது பெரிய நிம்மதி. விடியற்காலையில் அம்மா வேலைக்குக் கிளம்பிவிடுகிற வீட்டுப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வந்து, வழிபாட்டுக் கூட்டத்தில் தலைசுற்றி உட்காருவார்கள். அதை வருடக்கணக்காகப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பெற்றோர் கூட்டத்துக்கு ஆள் வரவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் நேரத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் அம்மாக்கள் பீடி சுற்றுகிறவர்கள். சுற்றியதைக் கடையில் கொடுத்துக் கணக்கு முடிக்கிற நேரத்தில் கூட்டம் வைத்தால் யார் வருவார்? கடையிலிருந்து திரும்புகிற வழியில், திரும்புகிற நேரத்தில் வைத்தோம். ஞாயிறு ஆராதனை முடிந்து வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். வைத்தால் கிறிஸ்தவக் குடும்பங்கள் மட்டும்தான் வரும், அது பள்ளிக்கூட்டமாக இருக்காது. கூட்டத்தில் நாங்கள் பேசுவதைக் குறைத்தோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பக்கம் வாசித்துக் காட்டும், ஒரு கணக்குப் போட்டுக் காட்டும். "டீச்சர், இவ இப்படி வாசிப்பான்னு எனக்குத் தெரியாதே" என்று ஒரு அம்மா சொன்னால் அடுத்த கூட்டத்துக்கு அழைப்பே தேவையில்லை.

கிறிஸ்துமஸுக்குச் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் ஊருக்கு வரும் பழைய மாணவர்கள் ஏதாவது செய்ய ஆசைப்படுவார்கள். கேட்காவிட்டால் எல்லாரும் தண்ணீர் பாட்டிலும் பையும்தான் வாங்கி வருவார்கள், ஒரே பிள்ளைக்கு மூன்று பாட்டில் சேரும். பள்ளிக்கு என்ன தேவை என்று நவம்பரிலேயே எழுதிக் கோயில் அறிவிப்புப் பலகையிலும் கடைத்தெருவிலும் ஒட்டினோம். முதல் வரி எப்போதும் இதுதான்: பிள்ளைகளோடு ஒரு மணி நேரம். கப்பலில் வேலை செய்யும் ஒருவர் வரைபடத்தில் தன் பயணத்தைக் கோடு போட்டுக் காட்டியதும், செவிலியாக இருக்கும் ஒருத்தி இதயத்துடிப்பை எண்ண வைத்ததும், எந்தப் பரிசுப்பொருளையும்விட நாள்பட நின்றன.

ஐந்தாம் வகுப்பு முடித்துப் பெரிய பள்ளிக்குப் போகும்போது எங்கள் பிள்ளைகள் அடங்கிப்போவது உண்டு. எல்லாவற்றையும் தானே செய்து பழகிய பிள்ளை, வகுப்புக்கு நாற்பது பேர் இருக்கிற இடத்தில் பின்பெஞ்சுக்குப் போய்விடும். அதனால் ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பை மொத்தமாகக் கூட்டிக்கொண்டு, அவர்கள் சேரப்போகும் உயர்நிலைப் பள்ளிக்கு ஒருநாள் போய்வருவோம். கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே, பஸ் எங்கே நிற்கும் என்று அவர்களே பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். அங்குள்ள ஆறாம் வகுப்பு ஆசிரியரிடம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் கொடுப்போம். அதில் மதிப்பெண் இருக்காது. ஏலக் கணக்கு எழுதுவாள், மேடையில் அறிவிப்பு வாசிப்பான், இடது காதில் கருவி போட்டிருக்கிறான், முன்வரிசையில் உட்காரவையுங்கள், புத்தக அலமாரியைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வாள் என்று இருக்கும். தாளைத் தபாலில் அனுப்பக் கூடாது, அந்த ஆசிரியர் கையிலேயே கொடுக்க வேண்டும். ஜூலையில் ஒருதடவை போய், அந்த வேலைகளில் ஏதாவது ஒன்று அங்கே அவர்களுக்குக் கிடைத்திருக்கிறதா என்றும் கேட்டு வர வேண்டும்.